5 ஆட்டம், 11 கோல்: புது கீப்பரை மாற்றலாமா?

கேள்வி: "மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் ஃபுட்பால் டீமில் பத்து வருஷமாகக் கோலில் நின்ற அண்ணன் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாகக் காரைக்காலில் இருந்து 19 வயதுப் பையனை எடுத்தோம். இதுவரை 5 ஆட்டம், 11 கோல் விட்டிருக்கிறான். பந்து வந்தாலே முன்னால் ஓடி வருகிறான். பழைய கீப்பர் கோல் லைனை விட்டு நகரவே மாட்டார். ஒரு ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான் என்று ரெஃப்ரி எதிரணிக்குக் கார்னர் கொடுத்தார், அதிலும் ஒரு கோல். டீக்கடையில் இரண்டு கட்சியாகி தினமும் சண்டை. பொங்கல் டோர்னமென்டுக்குள் முடிவெடுக்க வேண்டும். எத்தனை ஆட்டம் பார்த்தால் ஒரு கீப்பரை எடைபோடலாம்? எதைப் பார்க்க வேண்டும்?"

பதில்:

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவரை மாற்றக் காரணம் இன்னும் வரவில்லை. அதற்காக 'சின்னப் பையன், டைம் கொடுங்கப்பா' கட்சியிலும் நான் இல்லை. அந்த டைமில் எதைக் கவனிப்பது என்று தெரியாவிட்டால் பத்து ஆட்டம் கழித்தும் இதே டீக்கடையில் இதே சண்டைதான் நடக்கும்.

முதலில் அந்த 11. ஒரு ஆட்டத்துக்குக் கோலை நோக்கி ஆறு ஷாட் என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆட்டத்துக்கு 30 ஷாட். பத்துக்கு ஏழு தடுக்கிற, நல்ல கீப்பர் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒருவரை நிறுத்தினாலும் அதில் 9 உள்ளே போகும். அதுவும் சராசரிக் கணக்கு. அதே ஆள், அதே திறமை, அதிர்ஷ்டம் மட்டும் கொஞ்சம் இப்படி அப்படி என்றால் 6-ம் ஆகலாம், 12-ம் ஆகலாம். ஆகவே உங்கள் 11-ஐ வைத்துக்கொண்டு பையன் மோசம் என்றும் சொல்ல முடியாது, நல்லவன் என்றும் சொல்ல முடியாது. கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு கீப்பரைத் தீர்மானிக்க நூற்றுக்கணக்கான ஷாட் வேண்டும். ஊர் டோர்னமென்டில் அத்தனை ஷாட் சேர்வதற்குள் அந்தப் பையனும் சிங்கப்பூர் போயிருப்பார்.

பெரிய கிளப்புகளே இந்த விஷயத்தில் ஏமாந்திருக்கின்றன. 1999-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் இத்தாலியிலிருந்து மாசிமோ தைபி என்ற கீப்பரைக் கொண்டுவந்தது. முதல் ஆட்டம் லிவர்பூல் மைதானத்தில்; 3-2 வெற்றி, ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. இரண்டு வாரம் கழித்து சவுத்தாம்ப்டனின் லெ டிஸ்ஸியர் அடித்த ஒரு மெதுவான பந்து அவர் கால்களுக்கு நடுவே உருண்டு உள்ளே போனது. அடுத்த லீக் ஆட்டத்தில் செல்சியிடம் 5-0 தோல்வி. அதோடு சரி. மொத்தம் 4 லீக் ஆட்டம், விட்ட கோல் 11, உங்கள் பையனின் அதே எண். பிறகு இத்தாலிக்குத் திரும்பி முதல் டிவிஷனில் ஆடினார். ரெஜினா அணிக்காக ஒரு ஆட்டத்தில் முன்னால் ஏறிப்போய்த் தலையால் முட்டி கோல்கூட அடித்தார்!

அதே கிளப்புக்கு 2011-ல் 20 வயது டேவிட் டி ஹேயா வந்தார். சீசன் தொடங்கும் முன் வெம்ப்ளியில் மான்செஸ்டர் சிட்டியுடன் நடந்த ஆட்டத்தில் ஜெகோ தூரத்திலிருந்து அடித்ததை விட்டார். லீக்கின் முதல் ஆட்டத்தில் வெஸ்ட் ப்ராமின் ஷேன் லாங் அடித்ததையும் விட்டார். 'ஒல்லிப்பிச்சான், ஓரத்திலிருந்து தூக்கிப்போடும் கிராஸ் பந்துக்கு லாயக்கில்லை' என்பதுதான் அன்றைய ரசிகர்கள் பேச்சு. அந்த சீசன் நடுவில் சில வாரம் பெஞ்சிலும் உட்கார்ந்தார். பின்னால் அதே ஆள் அந்த கிளப்பின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் விருதை நான்கு முறை வாங்கினார். முதல் மாத ஆட்டத்தை வைத்து ஜோசியம் சொன்னால் பலிக்காது என்பதற்காகத்தான் இந்த இரண்டு கதையும். நல்ல ஆரம்பமும் அப்படித்தான், கெட்ட ஆரம்பமும் அப்படித்தான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கோல் விழுந்த நொடியை விட்டுவிடுங்கள். அதற்கு மூன்று நொடி முன்னால் பாருங்கள்.

அடுத்த மூன்று ஆட்டத்துக்கு ஒரு ஆளை போனோடு கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பக்கவாட்டிலிருந்து எடுக்கும் வீடியோவில் கீப்பர் எந்தக் கோணத்தை மூடினார் என்பது தெரியாது. எதிரணிக்காரர் பந்தை உதைக்கும் கணத்தில் வீடியோவை நிறுத்துங்கள். அந்த ஒரு படத்தில் இரண்டு விஷயம். ஒன்று, பையனின் இரண்டு காலும் தரையில் இருக்கிறதா? ஓடிக்கொண்டோ பின்வாங்கிக்கொண்டோ இருக்கும்போது ஷாட் வந்தால் எப்பேர்ப்பட்ட கீப்பருக்கும் கை அரை அடி தாமதமாகத்தான் போகும். இரண்டு, பந்துக்கும் கோலின் நடுவுக்கும் ஒரு கோடு போட்டால் அவர் அந்தக் கோட்டின் மேல் நிற்கிறாரா? இந்த இரண்டும் பெரும்பாலும் சரியாக இருந்தால், விழுந்த கோலுக்காக அவரைத் திட்டாதீர்கள். இரண்டும் தப்பாக இருந்தால், பாய்ந்து பிடித்த அழகான பந்துக்காக விசிலும் அடிக்காதீர்கள். சரியான இடத்தில் நிற்கிற கீப்பர் அதிகம் பாய வேண்டியிருக்காது. பார்க்கிறவர்களுக்குப் பையன் சும்மா நிற்கிற மாதிரி தெரியும். 'பழைய அண்ணன் எப்படிப் பறப்பார் தெரியுமா' என்று உங்கள் டீக்கடையில் யாராவது சொன்னால், அவர் ஏன் அத்தனை முறை பறக்க வேண்டியிருந்தது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இனி, முன்னால் ஓடி வருவது. இதைத்தான் உங்கள் ஆட்கள் பெரிய குற்றமாகச் சொல்கிறார்கள். கோல் 7.32 மீட்டர் அகலம். நேர் எதிரே 16 மீட்டரில், பெனால்டி பாக்ஸ் கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே, ஒருவர் தனியாகப் பந்தோடு வருகிறார். கீப்பர் லைனிலேயே நின்றால் முழு 7.32-ஐயும் காக்க வேண்டும். 4 மீட்டர் முன்னால் வந்து நின்றால் காக்க வேண்டிய அகலம் ஏறக்குறைய 5.5 மீட்டர்தான். கிட்டத்தட்ட 2 மீட்டர் லாபம். பதிலுக்குப் பந்து சீக்கிரமாக வந்து சேரும், தலைக்கு மேல் தூக்கிப் போடும் ஆபத்தும் உண்டு. தனியாக வருகிறவனுக்கு எதிரே இந்த வியாபாரம் லாபம்தான். பையன் ஓடி வருவது தப்பில்லை. எப்போது வருகிறார், வந்தபின் ஷாட்டுக்கு முன் நிற்கிறாரா என்பதுதான் கேள்வி. பாதி தூரம் வந்துவிட்டு, வேண்டாம் என்று திரும்புகிறார் என்றால் மட்டும் கவலைப்படுங்கள். அந்த நடுவழித் தயக்கத்தில்தான் கோல் விழும்.

இன்னொன்றும் உண்டு. இது பையனைப் பற்றியதே இல்லை, உங்கள் பின்வரிசையைப் பற்றியது. பத்து வருஷமாக லைனிலேயே நிற்கும் கீப்பரோடு ஆடிய ஸ்டாப்பர்களுக்கு (கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவர்களுக்கு), பாக்ஸுக்குள் உயரமாக வரும் பந்தெல்லாம் நம்முடையது என்பது ரத்தத்தில் ஊறியிருக்கும். இப்போது வந்தவரோ அதைத் தன்னுடையது என்று நினைத்து வருகிறார். இருவரும் மோதுகிறார்கள், அல்லது இருவருமே மற்றவருக்கு விட்டுவிடுகிறார்கள். பந்து நடுவில் விழுகிறது.

கீப்பர் கத்தினால் தீர்ந்துபோகும் பிரச்சினைதான். ஆனால் நம் ஊரில் இது லேசில்லை. சில வருஷம் முன்பு நாகப்பட்டினம் பக்கம் நான் பயிற்சி கொடுத்த ஒரு அணியில் இதேதான் நடந்தது. கீப்பருக்குப் பதினெட்டு, ஸ்டாப்பருக்கு முப்பத்திரண்டு. ஒரு கார்னர் வருகிறது. பையன் வாயைத் திறந்து "அண்ணே, விடுங்கண்ணே, நான்..." என்று ஆரம்பித்தான். வாக்கியம் முடிவதற்குள் எதிரணிக்காரன் தலையால் முட்டிவிட்டான். மரியாதை கெடவில்லை, கோல்தான் போனது. ஆட்டம் முடிந்ததும் அந்த ஸ்டாப்பரையே கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன்: "தம்பி, கோட்டுக்குள்ள அண்ணன் கிண்ணன் எல்லாம் கிடையாது. 'கீப்பர்'னு ஒரே வார்த்தை. நீ கத்துனா நான் விலகிடுவேன்." பயிற்சியாளர் சொன்னால் பையன் தலையாட்டுவான், செய்ய மாட்டான். மூத்தவரே அனுமதி கொடுக்க வேண்டும். உங்கள் கேப்டனை இந்த வாரமே இதைச் செய்யச் சொல்லுங்கள். பயிற்சியில் தினமும் இருபது கார்னர் தூக்கிப்போட்டு, கத்தாமல் எடுத்த பந்து கணக்கில் இல்லை என்று வையுங்கள்.

ரெஃப்ரி கொடுத்த கார்னரைப் பற்றி: அவர் செய்தது சரிதான். முன்பு கீப்பர் 6 நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் மறைமுக ஃப்ரீ கிக் (நேராகக் கோல் அடிக்க முடியாதது) என்று விதி இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 2025 ஜூலை முதல் அது 8 நொடி, தண்டனை எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்டுவார். பையனுக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம், உங்கள் கமிட்டிக்கும்தான். பொங்கல் டோர்னமென்டில் எந்த விதியில் ஆட்டம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் மைதானம். எந்த மாதத்தில் அந்த 5 ஆட்டம் நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஐப்பசி, கார்த்திகை என்றால் அந்த 11-ல் சிலவற்றை மழைக் கணக்கில் எழுதலாம். நம் டெல்டாக் களிமண்ணைப் பற்றித் தெரியாதவர்களா நீங்கள்? கோல்போஸ்ட்டுக்கு முன்னால் எல்லோரும் மிதித்து மிதித்து ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தண்ணீர் தேங்குவது அங்கேதான். நடுமைதானத்தில் ஈரப்புல்லில் விழும் பந்து வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டு வரும். அதே பந்து பள்ளத்துச் சேற்றில் விழுந்தால் அப்படியே செத்துவிடும். ஒரே ஷாட் எப்படி வரும் என்று கீப்பருக்கு நிச்சயம் கிடையாது. போதாததற்குப் பாய எடுத்துவைக்கும் முதல் அடியே வழுக்கும். கடற்கரை மணலில் பழகிய காரைக்கால் பையனாக இருந்தால் அவருக்கு இது புது மண். மழையில் பந்தை அள்ளிப் பிடி என்று கேட்காதீர்கள். உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுபோ, பிடிக்க முடியாவிட்டால் ஓரமாகத் தட்டிவிடு என்றுதான் கேட்க வேண்டும். தட்டிய பந்து பக்கவாட்டில் போகிறதா, எதிரணி ஃபார்வர்டின் காலுக்கே திரும்பிப் போகிறதா என்பதை வீடியோவில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தைக் கூடைமண் போட்டு நிரப்பி மிதித்துவிடுவது கமிட்டியின் வேலை. ஆற்று மணலுக்கு அலையாதீர்கள், அது இப்போது தங்கம் விலை.

எது திருந்தும், எது லேசில் திருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிற்கும் இடம், கால் வைக்கும் முறை, குரல் கொடுப்பது, இவையெல்லாம் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் மாறும். கூட்டத்துக்குள் போகப் பயப்படுவது, பந்து முகத்துக்கு வரும்போது தலையைத் திருப்பிக்கொள்வது, இவை வருஷக்கணக்கில் இழுக்கும். ஒரு கோல் விட்ட பிறகு அடுத்த ஐந்து நிமிஷம் பையன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மறுபடியும் அதே மாதிரி கிராஸுக்கு வருகிறாரா, லைனில் ஒட்டிக்கொள்கிறாரா? வந்தால், அவரை விடாதீர்கள். ஒட்டிக்கொண்டால், அதற்கு உங்கள் வாட்ஸ்அப் குரூப்பும் காரணமாக இருக்கலாம். அவர் விட்ட கோலை வெட்டி எடுத்து, பாட்டு சேர்த்துப் போடுகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பையனும் அதே குரூப்பில்தானே இருக்கிறார்.

என் யோசனை: பொங்கல் வரை இவரே நிற்கட்டும். நடுவில் ஒரு நட்பு ஆட்டத்தில் ஊர்ப்பையன் ஒருவரையும் நிறுத்திப் பாருங்கள், காய்ச்சல் என்றால் மாற்றாள் வேண்டுமே. மூன்று ஆட்ட வீடியோவை கேப்டனும் இரண்டு ஸ்டாப்பர்களும் பையனோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும். விழுந்த ஒவ்வொரு கோலையும் 'யாராலும் முடியாது', 'பிடித்திருக்கலாம்', 'பிடித்தே ஆக வேண்டும்' என்று பிரியுங்கள். மூன்று ஆட்டத்தில் மூன்றாவது வகை நாலைத் தாண்டினாலோ, அந்த நடுவழித் தயக்கம் திரும்பத் திரும்ப வந்தாலோ எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

கிளவுஸையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். உள்ளங்கை ரப்பர் காய்ந்து சேறு ஒட்டியிருந்தால் நல்ல கையிலிருந்தும் பந்து நழுவும். ஆட்டத்துக்கு முன் லேசாக நனைக்க வேண்டும், முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போஸ்ட் ஓரத்தில் ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய துண்டும் வையுங்கள்.