கடல் கைகொடுக்குமா?

கேள்வி: என் மகள் ‘மோவானா’ படத்தை ஒரு வசனம் விடாமல் ஒப்பிக்கிறாள். கடலே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, கூடவே வந்து காப்பாற்றுகிறது. கடலோரத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல படம் உண்டா? கார்ட்டூன்தானே என்று நீங்கள் ஒதுக்குவது ஏன்?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: ஒதுக்கவில்லை, அம்மா. உங்கள் மகள் பார்க்கட்டும், பாடட்டும். ஆனால் எதைப் படத்தின் சிறப்பு என்கிறீர்களோ, அதைத்தான் நான் அதன் பெரிய ஓட்டை என்பேன்.

அந்தக் கடல் என்ன செய்கிறது, பாருங்கள். மோவானா தண்ணீரில் விழுந்தால் தூக்கிப் படகில் போடுகிறது. மௌயி என்ற அரைத்தெய்வம் அவளை வெளியே வீசினால் அடுத்த நொடியே திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் இரண்டாவது முறை சிரித்த பிறகு, இந்தப் பெண்ணுக்கு எதுவும் ஆகாது என்று தெரிந்துவிடுகிறது. நடுவில் ஒரு புயல் வருகிறது. அப்பாடா, இப்போதாவது கடல் கடலாக நடந்துகொள்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அதுவும் அவளைச் சரியான தீவில் கொண்டுபோய் இறக்கிவிடத்தானாம்! 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு வந்த ரயிலை ஆட்களோடு அள்ளிக்கொண்ட கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறீர்கள். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும், படம் எடுத்தவர்களுக்குக் கடல்பயம் தெரியாமலில்லை. மோவானாவின் அப்பா ஏன் பாரை, அதாவது தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டை, தாண்ட விடமாட்டேன் என்கிறார்? இளம் வயதில் அவரும் நண்பனோடு தாண்டிப் போனவர்தான். அலை கவிழ்த்தது, நண்பனைக் காப்பாற்ற முடியவில்லை. அம்மா இதைச் சில வரிகளில் சொல்லி முடிக்கிறாள். மொத்தப் படத்திலும் கரையில் காத்திருந்து பழகியவர் எழுதியது போல இருப்பது அந்த இடம்தான். அப்புறம் அந்த அப்பாவைக் கரையிலேயே விட்டுவிட்டு, பளபளக்கும் ராட்சத நண்டைத் தேடிப் போய்விடுகிறார்கள். நண்டின் பாட்டு வேடிக்கையானதுதான். ஆனால் அதை வெட்டி எடுத்தால் கதைக்குப் பெரிய நஷ்டமில்லை.

தொடக்கம் நம் கதையேதான். பாருக்கு உள்ளே மீன் அற்றுப்போகிறது, வலை வெறுமையாக வருகிறது. அந்தப் படம் வெளிவந்த அதே 2016-இல்தான் நம் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளப் பாறைகள் வெளுத்தன. படத்திலோ காரணம், ஆயிரம் வருடத்துக்கு முன் மௌயி திருடிய ஒரு பச்சைக்கல். அதைத் திருப்பி வைத்ததும் தீவெல்லாம் பச்சை. இழுவை மடியால் அடித்தரை வரை வாரிய கடலுக்கு எந்தக் கல்லைக் கொண்டுபோய் வைப்பது? புராணக்கதையில் இதெல்லாம் கேட்கலாமா என்பீர்கள். பசியில் தொடங்கிய கதை என்பதால் கேட்கிறேன்.

பாட்டுக்கு வருவோம். அங்கே எனக்குக் குறையே இல்லை. முன்னோர்கள் படகு செலுத்தும் அந்தப் பாட்டை அமெரிக்கப் பாடலாசிரியர் லின்-மானுவல் மிராண்டாவோடு சேர்ந்து உருவாக்கிப் பாடியவர் ஓபெடாயா ஃபோஆயி. பசிபிக் தீவுநாடான சமோவாவில் பிறந்தவர். பாட்டு சமோவா, டோக்கெலாவு மொழிகளில் தொடங்கி, பிறகுதான் ஆங்கிலத்துக்கு வருகிறது. அர்த்தம் தெரியாமலே துடுப்பின் தாளம் உடம்பில் ஏறுகிறது. ஆஸ்கர் பரிந்துரைக்குப் போனது மோவானா தனியாகப் பாடும் பாட்டு. என் ஓட்டு முன்னோர் பாட்டுக்கே.

அந்த முன்னோர்கள் திசைகாட்டிக் கருவி இல்லாமல் நட்சத்திரம், அலை, காற்று, பறவை பார்த்துப் பசிபிக்கைக் கடந்தவர்கள். கச்சான், வாடை என்று காற்றுக்குப் பேர் வைத்திருக்கும் உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது சட்டென்று புரியும். நாம் தேள் என்று பார்க்கும் விருச்சிகக் கூட்டம் அவர்களுக்கு மௌயியின் தூண்டில் முள். அதை நோக்கித்தான் மோவானா படகைத் திருப்புகிறாள். ஆனால் கையை நீட்டி நட்சத்திரத்தை அளக்கும் வித்தையை அவள் கற்கும் பகுதி கண் சிமிட்டுவதற்குள் ஓடிவிடுகிறது. நண்டுக்குக் கொடுத்த நேரத்தை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

இளவரசன் இல்லை, கல்யாணம் இல்லை, அது நிம்மதி. கடைசியில் எரிமலைப் பூதத்தைக் கொல்லாமல், அவள் யார் என்று மோவானா கண்டுகொள்கிறாளே, அந்த இடத்தில் கடல் விலகி வழிவிட்டதைக்கூட நான் மன்னித்துவிட்டேன். மௌயி கதைகளில் கூட வரும் ஹினா என்ற பெண்தெய்வத்தைக் காணோமே என்று பசிபிக் தீவுக்காரர்களே கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ஒரு பெண்பிள்ளை கடலில் இறங்குவதே புதுமை என்று மட்டும் உங்கள் மகள் நினைத்துவிட வேண்டாம். சின்னப்பாலம் பக்கத்தில்தானே இருக்கிறது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களிடம் அழைத்துப் போங்கள். கடல் தூக்கிவிடுமா என்று அவளே கேட்கட்டும்.

2024-இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றியும் அடுத்து எழுதிக் கேட்டுவிடாதீர்கள். அதில் மிராண்டா இல்லை. எனக்கு ஒரு பாட்டும் நினைவில் இல்லை.