சும்மா இருக்கும் லெப்டொப்பில் கேவொர்க்கர் ஏன் சிபியுவைத் தின்கிறது?

ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: உபுண்டு போட்ட லெப்டொப்பில் எதையும் திறக்காமலேயே 'கேவொர்க்கர்' சிபியுவின் ஒரு கோரை முழுதாகப் பிடித்துக்கொள்கிறது, கில் பண்ணினாலும் சாகவில்லை. சாகாதுதான். அது கேர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், சொந்த வேலையாள். அதற்கு வேலை கொடுப்பது யார் என்றுதான் தேட வேண்டும்.

'டாப்' கட்டளையில் பெயரின் வாலைப் பாருங்கள். புதிய கேர்னல்களில் வேலை வரிசையின் பெயரும் அங்கே ஒட்டியிருக்கும். அதில் 'கேஏசிபிஐ' என்று தொடங்கினால் என் சந்தேகம் ஏசிபிஐ (மின்சக்தியையும் வன்பொருளையும் நிர்வகிக்கும் ஏற்பாடு) இன்டரப்ட் மீது: ஏதோ ஒரு வன்பொருள், குறும்புக்காரப் பிள்ளை காலிங் பெல்லை அமுக்குவது மாதிரி கேர்னலை ஓயாமல் கூப்பிடுகிறது.

சிஸ், ஃபேர்ம்வேர், ஏசிபிஐ, இன்டரப்ட்ஸ் என்று அடைவுகளுக்குள் போனால் 'ஜிபிஇ' எனத் தொடங்கும் கோப்புகள் இருக்கும். பத்து செக்கன் விட்டு இரண்டு தடவை வாசியுங்கள். மொத்தத்தைக் காட்டும் 'ஜிபிஇ ஆல்' கோப்பை விட்டுவிடுங்கள்; மற்றவை பெரிதாக மாறாமல் கிடக்க ஒன்று மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறினால், ஆள் அதுதான். சார்ஜரைக் கழற்றியும் பாருங்கள். மழை நாளில் கரண்ட் வந்து வந்து போகும் லயத்து வீட்டில், அல்லது சார்ஜர் முனை ஆடினால், அதுவே காரணமாகலாம்.

சார்ஜர் காரணமில்லையென்றால் முதலில் பயோஸ் அப்டேட். அதுவும் சரிவராவிட்டால் ரூட்டாக (நிர்வாகி உரிமையுடன்) அந்த ஜிபிஇ கோப்பில் 'டிசேபிள்' என்று எழுதுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் இந்த மாற்றம் போய்விடும், ஆகவே பயமின்றிச் சோதிக்கலாம். ஆனால் பற்றரி அளவு, மூடி, விசைகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே கிரப்பில் (லினக்ஸைத் தொடக்கிவைக்கும் நிரல்) நிரந்தரமாக்குங்கள்.

கேவொர்க்கருக்குப் பதிலாகப் பெயர் 'கேஸ்வாப்டி' என்றிருந்தால் கதை வேறு: பெரும்பாலும் ரேம் போதவில்லை.