டைனோசர் முட்டை: இட்டது எது என்று எப்படி அறிவது?

கேள்வி: ஐயா, கிடைத்த உருண்டைக் கல் முட்டைதான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

பதில்: உருவத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. ஓட்டுச் சில்லை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது, உள்ளிருந்து வெளிநோக்கி வளர்ந்த கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) படிகங்களும் கரு மூச்சுவிடுவதற்கான நுண்துளைகளும் தெரிய வேண்டும். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே முட்டைகள் என்று பரபரப்பான உருண்டைகள், ஆய்ந்தபோது கடற்படிவுகள் திரண்டு இறுகிய கற்களாகவே இருந்தன.

கேள்வி: எந்த டைனோசர் இட்டது என்பதும் ஓட்டிலேயே தெரியுமா?

பதில்: ஓட்டைக் கொண்டு இனக்குழுவை ஊகிக்கலாமே தவிர, இட்ட விலங்கைத் திட்டமாகச் சொல்ல உள்ளே கரு இருக்க வேண்டும். 1923இல் மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தலைமையிலான அமெரிக்கக் குழு முட்டைகளைக் கண்டெடுத்தபோது, அங்கே புரோட்டோசெராடாப்ஸ் என்ற தாவர உண்ணி டைனோசரின் எலும்புகள் மலிந்து கிடந்ததால் முட்டைகளும் அதனுடையவை என்று கொண்டார்கள். அவற்றின் மேல் கிடந்த வேறொரு விலங்கு முட்டை திருட வந்தது என்று கருதப்பட்டு, 1924இல் 'முட்டைத் திருடன்' எனப் பொருள்படும் ஓவிராப்டர் என்ற பெயரைப் பெற்றது. பெயரிட்ட தொல்லுயிரியலாளர் ஆஸ்பார்னே அப்பெயர் தவறாக இருக்கக்கூடும் என எச்சரித்திருந்தார். 1993இல் அதே கோபியின் உகா தோல்கோதில், அதே வகை முட்டைக்குள் ஓவிராப்டர் குடும்பத்துக் கருவே கிடைத்தது. பெயரிடல் விதிப்படி முதற்பெயர் மாறாது என்பதால், பாவம், பழி மட்டும் நீங்கவில்லை. புரோட்டோசெராடாப்ஸ் இட்டவை மென்தோல் முட்டைகள் என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

கேள்வி: அப்படியானால் நர்மதைப் பள்ளத்தாக்கு முட்டைகளை டைட்டனோசர் என்ற நெடுங்கழுத்துப் பெரிய தாவர உண்ணியுடையவை என்பது எந்த ஆதாரத்தில்?

பதில்: அப்பள்ளத்தாக்கில், மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் கண்ட 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் பற்றிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. இவற்றைப் போன்ற ஓடுகொண்ட முட்டைகளுக்குள் அர்ஜென்டினாவின் அவுகா மவேவோவில் டைட்டனோசர் கருக்கள் இருந்தன. குஜராத்தின் தோலி துங்ரியில் இன்னும் நெருங்கிய சான்று உண்டு. அங்கே ஒரு கூட்டில், நொறுங்கிய முட்டையைச் சுற்றிச் சுருண்ட சுமார் 3.5 மீட்டர் நீளப் பாம்பும், அருகில் டைட்டனோசர் குஞ்சின் எலும்புகளும் ஒன்றாகப் புதைந்திருந்தன. 2010இல் அப்பாம்புக்கு சனாஜே இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள்.

கேள்வி: அவ்வளவு பெரிய விலங்குகள் அடைகாத்தனவா?

பதில்: டைட்டனோசர்கள் அடைகாத்திருக்க வழியில்லை, முட்டைகளைக் குழியில் மூடிவிட்டுச் சென்றிருக்க வேண்டும். தார்க் கூடுகள் தாய் இடையே நடமாடக்கூட இயலாதபடி நெருங்கி அமைந்துள்ளன. அடைகாத்த டைனோசர்களில் ஓவிராப்டர் குடும்பத்தினர் உண்டு.