கான்ட்ராக்ட் முடியும் முன் இன்டர்வியூ போகலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆறு மாத கான்ட்ராக்டில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நிரந்தர வேலை ஒன்றுக்கு இன்டர்வியூ அழைப்பு வந்திருக்கிறது. போவது தவறா? மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமா?

தவறே இல்லை. முடிவு தேதியை எழுதிக் கொடுத்துத்தான் உங்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு உங்கள் வருமானத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை என்றால், அடுத்த வேலையை நீங்கள் தேடுவதில் அவர்கள் வருத்தப்பட ஒன்றும் இல்லை. வேலை நேரம் மட்டும் அவர்களுடையது. அதை இன்டர்வியூவுக்குச் செலவழித்துவிட்டு வேலை செய்ததாகக் கணக்கு எழுதக் கூடாது.

போவதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்து மூன்று இடங்களைப் படியுங்கள். முதலாவது, இடையில் விலகுவது பற்றிய பிரிவு. நோட்டீஸ் எத்தனை நாள், அது காலண்டர் நாளா வேலை நாளா என்று பாருங்கள். நோட்டீஸ் பற்றிய பேச்சே இல்லாத ஒப்பந்தங்களும் உண்டு. அவற்றில்தான் அதிக கவனம் தேவை: பல நாடுகளில் நோட்டீஸ் பிரிவு இல்லாத குறித்த கால ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் நஷ்டஈடு கேட்க இடமுண்டு. இரண்டாவது, முழுக் காலமும் முடித்தால் மட்டும் கிடைக்கும் தொகை ஏதாவது இருக்கிறதா என்பது. மூன்றாவது, போட்டி நிறுவனத்திலோ, நீங்கள் இப்போது யாருக்காக வேலை செய்கிறீர்களோ அந்த நிறுவனத்திலோ நேரடியாகச் சேரத் தடை இருக்கிறதா என்பது. கன்சல்டன்சி மூலம் போனவர்கள் பலர் இந்தக் கடைசிப் பிரிவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மேனேஜரிடம் சொல்வதா என்பது மிச்சமிருக்கும் காலத்தைப் பொறுத்தது. நான்கு மாதம் இருக்கும்போது முதல் சுற்று இன்டர்வியூவுக்கே சொல்லத் தேவையில்லை. கிடைக்குமா என்றே தெரியாத வேலைக்காக, இருக்கும் இடத்தில் முக்கியமான பொறுப்புகளை உங்களிடமிருந்து விலக்கிவிடுவார்கள். கடைசி ஆறு வாரம் என்றால் நிலைமை வேறு. அப்போது, "தேதி நெருங்குகிறது, வெளியேயும் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்வதுதான் நல்லது. பலர் அதற்குப் பிறகு நேரம் ஒதுக்கிக் கொடுப்பார்கள். நீட்டிப்புப் பேச்சும் அப்போதுதான் தொடங்கும்.

கேள்வி: எனக்கு மணிக்கணக்கில்தான் சம்பளம். ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் லீவு போட்டால் அந்த மாத வருமானமே குறைகிறது. பொய்க் காரணம் சொல்லவும் மனம் வரவில்லை. எப்படிச் சமாளிப்பது?

முதலில் இன்டர்வியூக்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். அழைப்பு வந்தவுடன் "வருகிறேன்" என்று சொல்லிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அழைத்தவரிடம் போனிலேயே ஐந்து விஷயம் கேளுங்கள்: பதவி நிரந்தரமா தற்காலிகமா, சம்பள வரம்பு என்ன, எத்தனை சுற்று, நேரில் வர வேண்டியது எந்தச் சுற்றுக்கு, எந்தத் தேதிக்குள் ஆள் வேண்டும். பத்து நிமிடப் பேச்சு. இதிலேயே பொருந்தாத அழைப்புகளில் பெரும்பகுதி கழிந்துவிடும். சம்பளத்தைக் கடைசிச் சுற்றில்தான் சொல்வோம் என்று பிடிவாதம் பிடிக்கும் இடத்துக்கு ஒரு நாள் கூலியை இழந்து போக வேண்டுமா என்று யோசியுங்கள்.

அடுத்தது நேரம். "நான் இப்போது ஒரு ஒப்பந்தத்தில் வேலை செய்கிறேன். காலை முதல் நேரமோ மாலை கடைசி நேரமோ கிடைத்தால் உதவியாக இருக்கும்" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். வேலை நேரத்தை மதிப்பவர் என்றுதான் தெரியும். காலை 8.30-க்கு இன்டர்வியூ என்றால் இரண்டு மணி நேரப் பர்மிஷன் போதும். பகல் 11.30 என்றால் போக, காத்திருக்க, திரும்ப என்று முழு நாளும் போய்விடும். மூன்று சுற்று இருக்கிறது என்று தெரிந்தால், இரண்டையாவது ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பாதி இடங்களில் முடியாது என்பார்கள், கேட்பதில் நஷ்டமில்லை.

உணவு இடைவேளையில் நேரில் போய் வருவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 45 நிமிடம் என்று சொன்ன இன்டர்வியூ பெரும்பாலும் 15 நிமிடம் தாமதமாகத் தொடங்கும். பேச்சு நன்றாகப் போனால் இன்னொருவரையும் பார்க்கச் சொல்வார்கள். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வீர்கள், அது எதிரில் இருப்பவருக்குத் தெரியும்.

காரணத்துக்கு "சொந்த வேலை இருக்கிறது, காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாக வருகிறேன், மாலையில் ஈடு செய்துவிடுகிறேன்" என்பது போதும். அது உண்மையும்கூட. உடம்பு சரியில்லை என்றோ வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்றோ சொன்னால், மறுநாள் அக்கறையாக விசாரிப்பவரிடம் இரண்டாவது பொய் சொல்ல வேண்டிவரும். கன்சல்டன்சி மூலம் வேலை செய்பவர்கள் லீவு விவரத்தை இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும்: சம்பளம் தரும் கன்சல்டன்சியிடமும், வேலை வாங்கும் இடத்திலும். ஒருவரிடம் மட்டும் சொன்னால் டைம்ஷீட்டில் முரண் வந்து, அந்த வாரச் சம்பளம் தேங்கும்.

கேள்வி: வீடியோ இன்டர்வியூவை ஆபீஸ் மீட்டிங் ரூமிலேயே முடித்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் மெயில், ஆபீஸ் வைஃபை மூன்றையும் நிறுவனம் கண்காணிக்க முடியும். மெயிலில் வரும் அழைப்பை ஏற்றால் அது காலண்டரில் பதிந்து, குழு முழுவதற்கும் தெரியலாம். எழுத்துத் தேர்வுக்கென்று மென்பொருள் நிறுவச் சொல்லும் இடங்களும் உண்டு; அதை ஆபீஸ் லேப்டாப்பில் நிறுவினால் விதிமீறல் ஆகிவிடும். சொந்த போன், சொந்த டேட்டா, முழு சார்ஜ், ஹெட்போன், வெளியே ஒரு அமைதியான இடம் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முந்தின நாள் அதே நேரத்தில் அங்கே போய் சிக்னலையும் இரைச்சலையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: "எப்போது சேர முடியும்?" என்று கேட்கும்போது தடுமாறுகிறேன். "உடனே" என்றால்தான் எடுப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

"உடனே" என்ற பதில் இரண்டு விதத்தில் கெடுதல். இப்போதைய இடத்தை அப்படியே விட்டுவிட்டு வருபவர் நாளை தங்களையும் விடுவார் என்று கேட்பவர் குறித்துக்கொள்வார். சொன்னபடி நோட்டீஸ் கொடுக்காமல் கிளம்பினால் பாக்கிக் கணக்கும் ரிலீவிங் லெட்டரும் இழுபறியாகும்.

கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டு போங்கள். ஒப்பந்தம் ஜூன் 30-ல் முடிகிறது, நோட்டீஸ் 15 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆஃபர் லெட்டர் வந்து, மே 18 அன்று கடிதம் கொடுக்கிறீர்கள். மறுநாளிலிருந்து எண்ணினால், காலண்டர் நாள் கணக்கில் கடைசி நாள் ஜூன் 2. வேலை நாள் கணக்கு என்றால், வாரத்துக்கு 5 நாள் வேலையாக இருந்து இடையில் விடுமுறையும் வராவிட்டால், ஜூன் 8. இதை மனதில் வைத்து இப்படிச் சொல்லலாம்: "என் ஒப்பந்தம் ஜூன் 30-ல் முடிகிறது. அதற்கு முன் வேண்டுமென்றால், ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து மூன்று வாரத்தில் வர முடியும்." தேதியோடு சொன்ன பதிலை வைத்துத்தான் எச்.ஆர். திட்டமிட முடியும். காத்திருக்கத் தயாராக இருக்கும் நிறுவனங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், அவர்களுடைய ஒப்புதல் நடைமுறைக்கே சில வாரம் ஆகும்.

கேள்வி: நான் உட்கார்ந்து வேலை செய்வது ஒரு பெரிய நிறுவனத்தில், சம்பளம் வருவது கன்சல்டன்சியிலிருந்து. பயோடேட்டாவில் எந்தப் பெயரைப் போடுவது?

இரண்டையும், இந்த வரிசையில்: முதலில் சம்பளம் தரும் கன்சல்டன்சியின் பெயர், அதன் கீழ் "பணியிடம்" என்று மற்ற நிறுவனத்தின் பெயர், பக்கத்தில் "ஒப்பந்தப் பணி, 6 மாதம்". பெரிய பெயரை மட்டும் போட்டவர்களுக்குப் பின்னணிச் சரிபார்ப்பில்தான் சிக்கல் வருகிறது. பே ஸ்லிப்பில் ஒரு பெயர், பயோடேட்டாவில் வேறு பெயர். சரிபார்ப்பவர் பெரிய நிறுவனத்தைக் கேட்டால், "இப்படி ஒருவர் எங்கள் ஊழியர் இல்லை" என்ற பதில் வரும். இன்டர்வியூவில் தேறிய பிறகு ஆஃபர் கைநழுவுவது இப்படித்தான். பணியிடத்தின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால், துறையை மட்டும் குறிப்பிடுங்கள். "ஒப்பந்தப் பணி" என்று எழுதுவதால் மதிப்புக் குறையாது, அடுத்தடுத்து ஆறு மாதம், நான்கு மாதம் என்று இருப்பதைப் பார்த்து "ஏன் அடிக்கடி மாறுகிறீர்கள்?" என்ற கேள்வி வராமல் அந்த ஒரு சொல்தான் காப்பாற்றும்.

பரிந்துரைக்கு யாரைச் சொல்வது என்றும் பலர் கேட்டிருந்தார்கள். முந்தைய வேலையின் மேலதிகாரியைக் கொடுங்கள். இப்போதைய மேனேஜரை, ஆஃபர் உறுதியான பிறகு மட்டும் தொடர்புகொள்ளுமாறு எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: "நீட்டித்துவிடுவோம், கவலைப்படாதே" என்று மேனேஜர் சொல்கிறார். கையில் வேறு ஒரு ஆஃபர் இருக்கிறது. பதில் சொல்ல ஐந்து நாள்தான் அவகாசம்.

அவர் மனமாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நீட்டிப்புக்குப் பட்ஜெட் ஒப்புதல் வேண்டும், பெரும்பாலான இடங்களில் அந்தக் கையெழுத்து அவருடையது அல்ல. இன்றே கேளுங்கள்: "எனக்கு ஒரு ஆஃபர் வந்திருக்கிறது. வியாழக்கிழமைக்குள் நீட்டிப்புக் கடிதம் கிடைக்குமா? எத்தனை மாதத்துக்கு?" பேசி முடித்ததும் அதையே இரண்டு வரி மெயிலாக அனுப்புங்கள். கடிதம் வந்தால் இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். வியாழன் மாலை வரை வராவிட்டால் ஆஃபரை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஏற்கும் முன் அந்த ஆஃபரில் பதவி, சம்பளம், சேரும் தேதி மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். "பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்று இருந்தால், அது எப்போது முடியும் என்று எச்.ஆரிடம் கேட்டு, முடிந்ததாக மெயில் வந்த பிறகே விலகல் கடிதம் கொடுங்கள். இதனால் சேரும் தேதி ஒரு வாரம் தள்ளிப்போகும் என்றால், தள்ளிவைக்கச் சொல்லி அவர்களிடம் கேளுங்கள்.