ஃபிக்ஸ்ட் டீல் முடியும்போது மின்சார, கேஸ் கட்டணத்தைக் குறைப்பது எப்படி?

கேள்வி: லண்டன் ஹாரோவில் மூன்று படுக்கையறை வீடு, நான்கு பேர் இருக்கிறோம். மின்சாரமும் கேஸும் ஒரே நிறுவனத்தில் ஓராண்டு ஃபிக்ஸ்ட் டீல், அதாவது யூனிட் விலை மாறாத ஒப்பந்தம். அது நவம்பர் கடைசியில் முடிகிறது. நாங்கள் எதுவும் செய்யாவிட்டால் விலை ஏறி இறங்கும் ஸ்டாண்டர்ட் வேரியபிள் கட்டணத்துக்கு மாற்றிவிடுவதாகக் கடிதம் வந்திருக்கிறது. “பிரைஸ் கேப் என்ற விலை உச்சவரம்பு இருக்கிறது, எங்கே போனாலும் ஒரே விலைதான், அப்படியே விடு” என்கிறார் கணவர். ஒப்பீட்டுத் தளங்களைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சேமிப்பைக் காட்டுகிறது. இப்போதே மாறினால் எக்ஸிட் ஃபீ, அதாவது டீல் முடியுமுன் விலகுவதற்கான கட்டணம், கட்ட வேண்டுமா? மாறத்தான் வேண்டுமா?

பதில்: எக்ஸிட் ஃபீயைப் பற்றிக் கவலை வேண்டாம். ஃபிக்ஸ்ட் டீல் முடிவதற்கு முந்தைய 49 நாட்களுக்குள் வெளியேறுகிறவரிடம் அந்தக் கட்டணத்தை வாங்கக் கூடாது என்பது எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமின் விதி. உங்களுக்கு வந்திருக்கும் கடிதத்தையே முடிவுத் தேதிக்கு 49 முதல் 42 நாள் முன்பு அனுப்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதனால் கடிதம் கைக்கு வந்துவிட்டது என்றாலே பெரும்பாலும் கதவு திறந்துவிட்டது என்று பொருள். ஒன்றை மட்டும் பாருங்கள்: மின்சாரத்துக்கும் கேஸுக்கும் முடிவுத் தேதி ஒன்றுதானா? இரண்டையும் வெவ்வேறு நாளில் தொடங்கியவர்களுக்குத் தேதி வேறுபடும். அப்போது 49 நாள் கணக்கையும் தனித்தனியாகத்தான் போட வேண்டும்.

பிரைஸ் கேப் பற்றி உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. கேப் என்பது ஒரு யூனிட்டுக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும் (எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாள்தோறும் விழும் கட்டணம்) உள்ள உச்சவரம்பு. அது ஸ்டாண்டர்ட் வேரியபிள் போன்ற இயல்புநிலைக் கட்டணங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஃபிக்ஸ்ட் டீல்களுக்கு இல்லை. ஆகவே கேப்புக்குக் கீழேயும் டீல் கிடைக்கும், மேலேயும் கிடைக்கும். 2025 அக்டோபர்–டிசம்பர் காலாண்டுக்கு கேப் 1,755 பவுண்டு என்று செய்தியில் வந்தது, ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் கேஸும் எரிக்கும் ஒரு மாதிரி வீட்டின் பில். பில் அதற்கு மேல் போகாது என்று பலர் நம்பி ஏமாறுகிறார்கள். அதிகம் எரித்தால் அதிகம் வரும். மேலும் இந்தக் கேப் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். வட அயர்லாந்துக்கு இது பொருந்தாது. அங்கே ஒழுங்குமுறை அமைப்பே வேறு.

இனி கணக்கு. அதற்கு உங்களுக்கு வேண்டியது இரண்டே எண்கள்: கடந்த ஓராண்டில் எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை யூனிட் கேஸ். யூனிட் என்பது இங்கே ஒரு கிலோவாட் மணி. ஆண்டு அறிக்கையிலும் பில்லிலும் நிறுவனத்தின் ஆப்பிலும் இது இருக்கும். மாதாமாதம் வங்கியிலிருந்து போகும் தொகையை வைத்து ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். டைரக்ட் டெபிட் என்பது நிறுவனம் ஊகித்துப் போடும் தவணை, விலை அல்ல. ‘மாதம் 120 பவுண்டுதான்’ என்று ஒரு நிறுவனம் குறைத்துக் காட்டினால், எரித்ததற்கும் கட்டியதற்கும் உள்ள வித்தியாசம் கடனாகச் சேர்ந்து, வசந்தத்தில் தவணை ஒரேயடியாக ஏறும்.

உங்கள் பழைய டீலின் விலையையும் மறந்துவிடுங்கள். அது இனி கிடைக்காது. புதிய டீலோடு ஒப்பிட வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருந்தால் போய் விழப்போகிற ஸ்டாண்டர்ட் வேரியபிள் விலையைத்தான். தளங்கள் காட்டும் சேமிப்பு ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு முக்கியக் காரணமும் இதுவே. ஒன்று உங்கள் இன்றைய விலையை அடிப்படையாக வைக்கும், இன்னொன்று நாளைய வேரியபிள் விலையை வைக்கும், மூன்றாவது நீங்கள் யூனிட் எண்ணைக் கொடுக்காததால் வீட்டின் அளவை வைத்து ஊகிக்கும். சேமிப்பு என்று எழுதியிருப்பதைப் பார்க்காமல், ஓராண்டுச் செலவு எவ்வளவு என்பதை மட்டும் பாருங்கள்.

உங்கள் வீட்டளவுக்கு ஓர் உதாரணம் போடுவோம்: ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம், 9,000 யூனிட் கேஸ். 2025 அக்டோபர்–டிசம்பர் கேப்பின் சராசரி விலை, டைரக்ட் டெபிட்டில் கட்டுகிறவருக்கு, மின்சாரம் யூனிட்டுக்கு 26.35 பென்ஸ், நாளுக்கு 53.68 பென்ஸ், கேஸ் யூனிட்டுக்கு 6.29 பென்ஸ், நாளுக்கு 34.03 பென்ஸ். யூனிட்டை விலையால் பெருக்கி, நாள் கட்டணத்தை 365-ஆல் பெருக்கிக் கூட்டினால் 1,835 பவுண்டு. 5 விழுக்காடு வாட் வரி இதில் அடக்கம்.

இதற்கு எதிரே இரண்டு ஃபிக்ஸ்ட் டீல்களைக் கற்பனையாக வைப்போம். முதலாவதில் மின்சாரம் 24.5 பென்ஸ், நாளுக்கு 58. கேஸ் 6 பென்ஸ், நாளுக்கு 31. மொத்தம் 1,747. இரண்டாவதில் யூனிட் விலை சற்றுக் கூடுதல், 25.4 பென்ஸும் 6.1 பென்ஸும், ஆனால் ஸ்டாண்டிங் சார்ஜ் 45 பென்ஸும் 29 பென்ஸும்தான். மொத்தம் 1,734. யூனிட் விலையை மட்டும் பார்த்து முதலாவதை எடுத்தவர் 13 பவுண்டு கூடக் கட்டுவார். ஒரே ஆள் இருக்கும் சிறிய பிளாட்டில், 1,400 யூனிட் மின்சாரமும் 4,000 யூனிட் கேஸும் எரிகிறது என்றால், அதே இரண்டு டீல்களுக்கும் நடுவில் 38 பவுண்டு வித்தியாசம். மாறாக 5,000 யூனிட் மின்சாரமும் 14,000 யூனிட் கேஸும் எரிக்கும் பெரிய வீட்டுக்கு முதலாவதுதான் மலிவு. ஆகவே நண்பர் சொன்ன மலிவான நிறுவனம் உங்களுக்கும் மலிவாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

விலை பகுதிக்குப் பகுதியும் மாறும். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றும் சேர்ந்து 14 மின் விநியோகப் பகுதிகள். முகவரியில் லண்டன் என்று இருந்தாலும் புறநகரின் சில இடங்கள் லண்டன் பகுதிக்குள் வராது. பில்லில் மின்சாரத்துக்கான 21 இலக்க சப்ளை எண்ணில், கடைசி 13 இலக்கங்களின் முதல் இரண்டைப் பாருங்கள்: 12 என்றால் லண்டன், 10 கிழக்கு, 19 தென்கிழக்கு, 20 தெற்கு. உறவினர் காட்டும் விலைக்கும் உங்களுக்குக் காட்டும் விலைக்கும் வேறுபாடு இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சரி, ஃபிக்ஸ் செய்வதா, வேரியபிளில் இருப்பதா? உங்கள் டீல் நவம்பரில் முடிவதுதான் இதில் பெரிய விஷயம். கேஸ் சூடேற்றி உள்ள வீட்டில் ஆண்டுக் கேஸின் பெரும்பகுதி குளிர்காலத்தில் எரிந்துவிடும். அந்த 1,835 பவுண்டில் டிசம்பர் முதல் மார்ச் வரை 800, மீதி எட்டு மாதத்துக்கு 1,035 என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் விலை அப்படியே நின்று, ஏப்ரலில் கேப் 8 விழுக்காடு இறங்கி ஆண்டு முழுதும் அங்கேயே இருந்தாலும் வேரியபிளில் இருப்பவருக்கு மிச்சம் 83 பவுண்டு. இரண்டாவது டீலில் மிச்சம் 101. கேப் ஏறத்தாழ 10 விழுக்காடு இறங்கினால்தான் இரண்டும் சரிக்குச் சரி வரும். விலை இறங்கும் என்று காத்திருப்பவர், அதிகம் எரிக்கும் மாதங்களை அதிக விலையில் கடந்துவிட்டு, கொஞ்சமாக எரிக்கும் மாதங்களில் மலிவைப் பெறுகிறார். அதனால் வேரியபிளைவிட 4, 5 விழுக்காடு குறைவாக ஒரு ஃபிக்ஸ்ட் டீல் கிடைத்தால், உங்கள் நிலையில் ஃபிக்ஸ் செய்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. இதே டீல் ஏப்ரலில் முடிந்திருந்தால் அவசரப்படாமல் இருக்கச் சொல்லியிருப்போம்.

அடுத்த காலாண்டின் கேப்பை பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் பிற்பாதியில் ஆஃப்ஜெம் அறிவிக்கும். உங்களுக்கு ஜனவரி விலை நவம்பரில் தெரிந்துவிடும். ஆனால் நல்ல டீல் கண்ணில் பட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவு செய்தபின் மனம் மாறினால் ரத்து செய்ய 14 நாள் அவகாசம் உண்டு. புதிய டீலின் எக்ஸிட் ஃபீயைப் பார்க்க மறக்காதீர்கள். அதைப் பெரும்பாலும் ஓர் எரிபொருளுக்கு இவ்வளவு என்றுதான் எழுதியிருப்பார்கள். 50 பவுண்டு என்றால் இரண்டுக்கும் 100. மேலே கணக்கிட்ட மிச்சத்தை ஏறத்தாழ முழுவதும் அது விழுங்கிவிடும். அடுத்த ஓராண்டுக்குள் வீடு மாறக்கூடும் என்றால் எக்ஸிட் ஃபீ இல்லாத டீலாகவோ, வீட்டோடு எடுத்துச் செல்லக்கூடியதாகவோ பாருங்கள்.

தேடும்போது ஆஃப்ஜெமின் நம்பிக்கை விதிமுறைக்கு (கான்ஃபிடன்ஸ் கோட்) உட்பட்ட ஒப்பீட்டுத் தளங்கள் இரண்டையாவது பாருங்கள். ‘எங்கள் மூலம் மாறக்கூடியவை மட்டும்’ என்ற வடிகட்டி போட்டிருந்தால் எடுத்துவிட்டு, எல்லாக் கட்டணங்களையும் காட்டச் சொல்லுங்கள். தளத்துக்குத் தரகு தராத நிறுவனத்தின் டீல் அதற்குப் பிறகுதான் தெரியும். இப்போதுள்ள நிறுவனத்தையும் கேளுங்கள். கணக்குக்குள் நுழைந்தால் மட்டும் தெரியும் டீல்கள் உண்டு. விலை ஒட்டி வந்தால், இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு வெளியிடும் நட்சத்திர மதிப்பீட்டில் சேவை நல்லதாக உள்ளதை எடுங்கள். மின்சாரம் ஓரிடம், கேஸ் ஓரிடம் என்று பிரிக்கவும் செய்யலாம்.

நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் கட்டணங்கள் கவர்ச்சியாக இருக்கும். ஆக்டோபஸ் நிறுவனத்தின் அஜைல் கட்டணத்தில் அரை மணிக்கு ஒரு விலை. மாலை 4 முதல் 7 வரை உச்சம். பள்ளி விட்டு வந்ததும் அடுப்பும் ஓவனும் வாஷிங் மெஷினும் ஒன்றாக ஓடும் வீட்டுக்கு அது சரிப்படாது. இரவில் சார்ஜ் செய்யும் மின்சாரக் கார் இருந்தால் அது தனிக் கணக்கு. இரவில் மலிவாகவும் பகலில் கூடுதலாகவும் விலை போடும் எகானமி 7 மீட்டர் உள்ளவர்கள் இரவுப் பங்கைக் கணக்கிட வேண்டும்: பகல் 30, இரவு 15, ஒற்றை விலை 25 பென்ஸ் என்றால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் எரித்தால்தான் லாபம்.

முடிவு செய்தபின் வேலை எளிது. பழைய நிறுவனத்துக்கு நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், டைரக்ட் டெபிட்டை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கடைசி பில்லைக் கட்டி முடித்தபின் நிறுத்தலாம். மாற்றம் ஐந்து வேலை நாளில் முடியும். உங்கள் பழைய விலை இப்போதும் மலிவு என்றால், முடிவுத் தேதியை ஒட்டி மாற்றம் நடக்கும்படி தேதி கேளுங்கள். மாறும் நாளில் இரண்டு மீட்டரையும் எண்ணும் வரிசை எண்ணும் தெரியும்படி படம் எடுத்து, ரீடிங்கைப் புதிய நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தாலும் செய்யுங்கள். முதல் தலைமுறை மீட்டர்களில் சில மாறியபின் தானாக ரீடிங் அனுப்பாமல் போவதுண்டு. பிரித்துக் கட்டிய பிளாட்டுகளில் வரிசை எண்ணைப் பில்லோடு ஒப்பிடாவிட்டால் பக்கத்து வீட்டு மீட்டர் உங்கள் பெயருக்கு வந்துவிடும்.

கேஸ் மீட்டரில் இன்னொரு பிழை நடக்கும். புதிய மீட்டர்கள் கன மீட்டரில் அளக்கின்றன; ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 11.2 யூனிட். பழைய மீட்டர்கள் நூறு கன அடியில் அளக்கின்றன. அதில் ஓர் எண்ணிக்கை ஏறத்தாழ 31.7 யூனிட். புதிய நிறுவனம் ஒன்றை மற்றொன்றாகப் பதிந்துவிட்டால் பில் மூன்று மடங்கை நெருங்கும், அல்லது மூன்றில் ஒன்றாகக் குறைந்து பின்னால் பாக்கியாகத் திரும்பும். மீட்டர் முகப்பில் எந்த அளவு எழுதியிருக்கிறது என்பதை முதல் பில்லோடு சரிபாருங்கள்.

வாடகை வீடானாலும் பில் உங்கள் பெயரில் இருந்தால் மாறும் உரிமை உங்களுடையது. கட்டடத்துக்கே பொதுவான ஹீட் நெட்வொர்க்கில் இருப்பவர்களால் மட்டும் வெப்பத்துக்கு நிறுவனம் மாற முடியாது. 28 நாளுக்கு மேற்பட்ட பாக்கி இருந்தால் மாற்றத்தைப் பழைய நிறுவனம் தடுக்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பில் தள்ளுபடியான 150 பவுண்டு வார்ம் ஹோம் டிஸ்கவுன்ட் பெறும் வீடு என்றால், அந்தந்த ஆண்டின் தகுதித் தேதியன்று நீங்கள் எந்த நிறுவனத்தில் இருந்தீர்கள் என்பதே கணக்கு. சில சிறிய நிறுவனங்கள் திட்டத்தில் இல்லை. அடுத்த ஆண்டுக்கும் அது வேண்டுமென்றால் சேருமுன் கேளுங்கள். கடைசி பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும், கணக்கில் மிஞ்சிய பணம் அதன்பின் பத்து வேலை நாளில் திரும்ப வேண்டும். வராவிட்டால் இழப்பீடு உண்டு. புகார் கொடுத்து எட்டு வாரம் ஆகியும் தீரவில்லை என்றால் சுயேச்சையான குறைதீர்ப்பு அமைப்பான எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாக முறையிடலாம்.