இருபத்தாறு பேருக்குள் யார், ஏன்? – கால்பந்து கேள்வி பதில்

2026 உலகக் கோப்பை ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் நடக்கிறது. 26 பேர் கொண்ட அணித் தேர்வு பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் கோபக் கேள்விகள்தான். கோபத்தைக் குறைக்க முடிகிறதா பார்ப்போம்.

கிளப்பில் இருபது கோலுக்கு மேல் அடித்தவரை உட்கார வைத்துவிட்டு, மூன்று கோல் அடித்தவரை ஆட வைக்கிறார்கள். இது என்ன நியாயம்? (வியாசர்பாடி, சென்னை)

நீங்கள் சொல்வது 2010-இல் அப்படியே நடந்தது. 2009-10 பூண்டஸ்லீகாவில் (ஜெர்மன் லீக்) லெவர்குசனின் ஸ்டெஃபான் கீஸ்லிங் 21 கோல். பயர்ன் மியூனிக்கின் க்ளோசே 3. கொலோனின் பொடோல்ஸ்கி 2. ஜெர்மனியின் கோச் லோவ் மூவரையும் தென்னாப்பிரிக்காவுக்குக் கூட்டிப் போனார். ஆனால் களத்தில் இறங்கியது க்ளோசேவும் பொடோல்ஸ்கியும்தான். கீஸ்லிங்குக்குக் கிடைத்தவை சில நிமிடங்கள். ஜெர்மன் பத்திரிகைகள் பொரிந்து தள்ளின. கடைசியில் க்ளோசே 4 கோல், பொடோல்ஸ்கி 2 கோல், ஜெர்மனிக்கு மூன்றாம் இடம்.

லோவ் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. க்ளோசேவுக்குக் கோல் குறைந்ததற்குக் காரணம், அந்த சீசனில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஆடாதவர் எப்படி அடிப்பார்? அதற்கு முன் 2002, 2006 இரண்டு உலகக் கோப்பைகளிலும் அவர் ஐந்தைந்து கோல் அடித்திருந்தார். தேசிய அணியில் யார் எங்கிருந்து பாஸ் கொடுப்பார்கள், அவர் எங்கே ஓடுவார் என்பதெல்லாம் எட்டு வருடப் பழக்கம்.

கோல் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடாதீர்கள். முதலில் பெனால்டியைக் கழியுங்கள். பிறகு ஆடிய நிமிடங்களை 90-ஆல் வகுத்து, வரும் எண்ணால் மீதி கோலை வகுங்கள். ஒரு உதாரணக் கணக்கு: ஒருவர் 2,700 நிமிடத்தில் 18 கோல், அதில் 5 பெனால்டி. மீதி 13-ஐ 30-ஆல் வகுத்தால் 0.43. இன்னொருவர் 1,350 நிமிடத்தில் பெனால்டி இல்லாமல் 9 கோல். 9-ஐ 15-ஆல் வகுத்தால் 0.60. பேப்பரில் பாதி கோல் அடித்தவர்தான் உண்மையில் கூர்மையானவர்.

இதிலும் ஒரு பொறி உண்டு. ஆடியது 900 நிமிடத்துக்குக் குறைவு என்றால் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். கடைசி இருபது நிமிடத்துக்கு மட்டும் இறங்குபவர் களைத்த டிஃபெண்டர்களுக்கு எதிராக ஆடுகிறார். அவருடைய சராசரி எப்போதும் கொஞ்சம் ஊதித்தான் தெரியும்.

லோவ் பிறகும் பிடிவாதமாகவே இருந்தார். 2012-13-இல் கீஸ்லிங் 25 கோலுடன் லீகின் முதல் இடம் பிடித்தபோதும் அழைப்பு வரவில்லை. அது எனக்கு ஒப்புதல் இல்லை. முதல் தடவை காரணம் இருந்தது, இரண்டாவது தடவை வெறும் வீம்பு.

கிளப்பில் கலக்கும் ஆட்டக்காரர் நாட்டுக்காக ஆடும்போது மட்டும் ஏன் காணாமல் போகிறார்? அக்கறை இல்லையா? (கோலாலம்பூர்)

அக்கறையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். யூரோ 2024 (ஐரோப்பியக் கோப்பை) இங்கிலாந்து அணி இதற்குச் சரியான பாடம்.

ஃபில் ஃபோடன் அந்த சீசனில் மான்செஸ்டர் சிட்டிக்கு லீகில் 19 கோல். பிரீமியர் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. ஜெர்மனியில் நடந்த யூரோவில் ஒரு கோல்கூட இல்லை. கோச் சவுத்கேட் அவரை இடது பக்கம் நிறுத்தினார். ஃபோடன் பந்தை வாங்க விரும்பும் இடம் பெனால்டி பாக்ஸுக்கு வெளியே, நடுவில். அதே இடத்தில்தான் பெல்லிங்ஹாம் ஆடுகிறார். ஹாரி கேனும் முன்னால் நிற்காமல் பின்னால் இறங்கிவந்து அங்கேயே பந்து கேட்கிறார். ஒரே திண்ணையில் மூன்று பேர்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். லெஃப்ட் பேக்காக (இடது பக்க டிஃபெண்டர்) ஆடியவர் ட்ரிப்பியர், வலது கால்காரர். இடது ஓரமாக மேலே போனாலும் க்ராஸ் போட அவர் நின்று, பந்தை வலது காலுக்கு மாற்ற வேண்டும். அந்த ஒரு நொடியில் எதிரணி டிஃபென்ஸ் வரிசையாக நின்றுவிடும். ஃபோடன் உள்ளே வந்தால் இடது ஓரத்தை நிரப்ப ஆள் இல்லை. ஓரத்தில் ஆள் இல்லாததால் எதிரணி நடுவில் குவிகிறது. நடுவில் குவிந்ததால் ஃபோடன், பெல்லிங்ஹாம், கேன் மூவருக்கும் திரும்பக்கூட இடமில்லை. ஸ்லோவேனியாவுடன் 0-0, டென்மார்க்குடன் 1-1 என்று இழுபறியானது இப்படித்தான்.

அரையிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக ஃபோடன் வலது உள்பக்கம் மாறினார். ஒரு ஷாட் கம்பத்தில் பட்டது, இன்னொன்றைக் கோல் கோட்டில் வைத்துத் தடுத்தார்கள். ஒரு வாரத்தில் அக்கறை வந்துவிட்டதா? பதினைந்து மீட்டர் இடம் மாறியது, அவ்வளவுதான்.

கோப்பையை வாங்கிய ஸ்பெயினைப் பாருங்கள். கோச் டி லா ஃபுவென்டே 2015-இல் ஸ்பெயினின் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கும், 2019-இல் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் ஐரோப்பியப் பட்டம் வாங்கித் தந்தவர். உனாய் சிமோன், மெரினோ, ரோட்ரி முதல் அணியில் இருந்தவர்கள். ஃபாபியான் ரூயிஸ், டானி ஓல்மோ, ஒயார்சபால் இரண்டாவது அணியில். காலிறுதியில் 119-ஆவது நிமிடம் ஓல்மோ தூக்கிப் போட, மெரினோ தலையால் முட்டி ஜெர்மனியை வெளியேற்றினார். இறுதியில் 86-ஆவது நிமிடம் குக்குரெயா க்ராஸ், ஒயார்சபால் கோல். இவர்களில் பலரைவிடப் பெரிய கிளப்பில் ஆடிய ஸ்பெயின்காரர்கள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளப் கோச்சுக்குத் தினமும் பயிற்சி உண்டு. தேசிய கோச்சுக்கு வருடத்தில் சில வாரங்கள்தான். அதனால் பழகிய கூட்டணிக்கு அவர் கூடுதல் மார்க் போடுகிறார்.

காயத்திலிருந்து முழுதாக மீளாதவரை எடுப்பது சூதாட்டம் இல்லையா? (யாழ்ப்பாணம்)

சூதாட்டம்தான். ஆனால் ஒரு அணி எத்தனை சீட்டை அப்படி வைக்கிறது என்பதுதான் விஷயம்.

2002-இல் பிரேசில் கோச் ஸ்கோலாரி, முழங்கால் காயத்தால் ஏறக்குறைய இரண்டு வருடம் தொலைத்திருந்த ரொனால்டோவை எடுத்தார். நாடே ரொமாரியோவைக் கேட்டு நின்றது, அவர் அசையவில்லை. ரொனால்டோ 8 கோல், பிரேசிலுக்குக் கோப்பை. ஆனால் பக்கத்தில் ரிவால்டோவும் ரொனால்டினோவும் நல்ல உடல்நிலையில் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

2006 இங்கிலாந்து இதற்கு நேர் எதிர். கோச் எரிக்சன் எடுத்தது நான்கே ஸ்ட்ரைக்கர்கள். ரூனி ஏப்ரல் 29 அன்று பாத எலும்பை முறித்துக்கொண்டவர். ஓவன் டிசம்பர் 31 அன்று அதே மாதிரி முறித்துக்கொண்டு, சீசன் கடைசியில்தான் திரும்பியவர். வால்காட்டுக்கு 17 வயது. ஆர்சனலுக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடியதில்லை. முழுத் தகுதியோடு மிஞ்சியது க்ரவுச் ஒருவர். அந்த சீசனில் சார்ல்டனுக்கு 18 லீக் கோல் அடித்த டேரன் பென்ட் பட்டியலிலேயே இல்லை. ஸ்வீடன் ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே ஓவனின் முழங்கால் போனது. வால்காட்டை ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. நான்கில் மூன்று சீட்டு சூதாட்டம் என்றால் இப்படித்தான் முடியும்.

2024-இல் லூக் ஷா கதையும் கிட்டத்தட்ட இதே. இங்கிலாந்து பட்டியலில் இருந்த ஒரே இடது கால் லெஃப்ட் பேக் அவர்தான். பிப்ரவரிக்குப் பிறகு ஆடியதே இல்லை. முதல் நான்கு ஆட்டங்களில் அவர் இறங்கவில்லை. அதனால்தான் மேலே சொன்ன ட்ரிப்பியர் தொல்லை.

"பயிற்சிக்குத் திரும்பிவிட்டார்" என்ற செய்தியைப் படித்ததும் துள்ள வேண்டாம். தனியாக ஓடுகிறாரா, பந்தோடு தனியாகப் பயிற்சியா, அணியோடு முழுப் பயிற்சியா, ஆட்டத்தில் இறங்கினாரா, அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தாங்கினாரா என்று ஐந்து படி உண்டு. தொடைப் பின்தசைக் காயத்தில் மெதுவாக ஓடுவது எதையும் நிரூபிக்காது. முழு வேகத்தில் பாய்ந்து, சட்டென்று நின்று, மறுபடி பாயும்போதுதான் அது மறுபடி கிழியும்.

பட்டியல் கொடுத்த பிறகு ஒருவருக்குக் காயம் என்றால் மாற்ற முடியுமா? பிரான்ஸ் பென்சமாவுக்குப் பதில் ஏன் ஆள் எடுக்கவில்லை? (பாரிஸ்)

முடியும். அந்த அணியின் முதல் ஆட்டத்துக்கு 24 மணி நேரம் முன்புவரை, கடும் காயம் அல்லது நோய் என்று மருத்துவச் சான்று காட்டி மாற்றலாம். அதன் பிறகு கோல்கீப்பரை மட்டுமே மாற்ற முடியும்.

2022-இல் பென்சமாவுக்குத் தொடையில் காயம் நவம்பர் 19 அன்று. பிரான்ஸின் முதல் ஆட்டம் 22 அன்று. நேரம் இருந்தது. கோச் தேஷாம் வேண்டாம் என்று விட்டார். ஜிரூ இருக்கிறார், இருப்பவர்கள் போதும் என்ற கணக்கு. சில நாள் முன்பு பயிற்சியில் காயம்பட்ட என்குன்குவுக்குப் பதில் ஒருவரை அழைத்திருந்தார்: கோலோ முவானி. அரையிறுதியில் இறங்கி 44 நொடியில் கோல் அடித்தவர் அவர். இறுதி ஆட்டத்தில் பிரான்ஸுக்கு முதல் பெனால்டியை வாங்கித் தந்தவரும் அவர்தான். கடைசி நொடிகளில் அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் காலை நீட்டித் தடுத்த ஷாட்டும் அவருடையதே. பாரிஸில் இருக்கும் உங்களுக்கு அதை ஞாபகப்படுத்தியதற்கு மன்னிக்கவும்.

24, 25, 26-ஆவது ஆள் எல்லாம் வெறும் சுற்றுலாதானே? (கோயம்புத்தூர்)

நல்ல கோச்சாக இருந்தால் இல்லை. மூன்று கோல்கீப்பர், ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பேர் என்று போட்டால் 23 ஆகிவிடும். மீதி மூன்று இடம் ஒரே ஒரு வேலைக்கான ஆட்களுக்கு.

சூதாட்டத் தடை முடிந்து 2024 ஜனவரியில்தான் திரும்பிய ஐவன் டோனி, அந்த லீக் சீசனில் அடித்தது 4 கோல். ஃபார்ம் பார்த்தால் இடமே இல்லை. யூரோ 2024-க்கு இங்கிலாந்து அவரை எடுத்தது தலையால் முட்டவும் பெனால்டி அடிக்கவும். ஸ்லோவாக்கியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கேன் அடித்த வெற்றிக் கோலுக்குத் தலையால் பந்தைத் தள்ளியவர் அவர். சுவிட்சர்லாந்துடனான பெனால்டி ஷூட் அவுட்டில் பந்தைப் பார்க்காமலேயே உள்ளே அனுப்பினார்.

2014 உலகக் கோப்பை காலிறுதியில் நெதர்லாந்து கோச் வான் ஹால், ஷூட் அவுட்டுக்காகவே 120-ஆவது நிமிடத்தில் கோல்கீப்பரை மாற்றி டிம் க்ரூலை இறக்கினார். க்ரூல் கோஸ்டாரிகாவின் இரண்டு பெனால்டியைத் தடுத்தார்.

எதற்கெடுத்தாலும் "1982-இல் ரோஸி இல்லையா" என்கிறார்களே, அது என்ன? (நாகர்கோவில்)

பாவ்லோ ரோஸி சூதாட்ட வழக்கில் இரண்டு வருடத் தடை முடித்து, யுவென்டஸுக்குக் கடைசி 3 லீக் ஆட்டம் மட்டும் ஆடியிருந்தார். 1982 உலகக் கோப்பைக்கு இத்தாலி கோச் பேர்சோட் அவரை எடுத்தார். லீகில் அதிகக் கோல் அடித்த ரோமாவின் ப்ரூட்ஸோவை விட்டார். முதல் நான்கு ஆட்டம் ரோஸிக்கு ஒரு கோலும் இல்லை. பிறகு பிரேசிலுக்கு எதிராக 3, போலந்துக்கு 2, இறுதியில் 1. இத்தாலிக்குக் கோப்பை.

தன் செல்லப்பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் ஒவ்வொரு கோச்சும் இதை எடுத்துவிடுவார். 1978 உலகக் கோப்பையில் ரோஸி இதே பேர்சோட்டுக்கு 3 கோல் அடித்துக் காட்டியிருந்ததை மட்டும் சொல்ல மாட்டார். அதே மாதிரி நம்பி எடுத்துச் சொதப்பியவர்களின் பெயர் யாருக்கும் ஞாபகமிருக்காது என்பதும் உண்டு.

இந்திய அணிக்கு ஏன் ஸ்ட்ரைக்கரே கிடைப்பதில்லை? (திருச்சி)

2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டினர் களத்தில் இருக்கலாம். கிளப்கள் அதில் முதலில் நிரப்புவது நடு முன்னணி இடத்தைத்தான். இந்திய ஸ்ட்ரைக்கர் ஓரத்துக்கோ பெஞ்சுக்கோ போகிறார். 2024-25 ஐஎஸ்எல்லில் அதிகக் கோல் அடித்த இந்தியர் சுனில் சேத்ரி, 14 கோல், வயது நாற்பது. தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றவரை 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட்டார்கள் என்று கோச்சைக் கேலி செய்வதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

போட்டிக்கு முந்தைய நட்பு ஆட்டங்களில் எதைக் கவனிக்க வேண்டும்? (சேலம்)

ஸ்கோரை விடுங்கள். முதல் 60 நிமிடம் பாருங்கள். அதன் பிறகு ஆறேழு பேர் மாறிவிடுவார்கள், அது வேறு ஆட்டம். கார்னரை யார் எடுக்கிறார், இரண்டு சென்டர் பேக் ஜோடி மாறாமல் இருக்கிறதா, மிட்ஃபீல்டில் யாருக்குப் பக்கத்தில் யார் என்று பாருங்கள். சாம்பியன்ஸ் லீக் இறுதி மே 30 அன்று புடாபெஸ்டில். உலகக் கோப்பை தொடங்க அதிலிருந்து 12 நாள்தான். அதில் ஆடியவர்கள் நட்பு ஆட்டத்தில் இல்லாவிட்டால் பதற வேண்டாம், ஓய்வு கொடுத்திருப்பார்கள்.

பயிற்சியில் ஆட்டக்காரர்கள் இடம் மாற்றி ஜாலியாக ஆடுவதைக் கோச்சுகள் ஏன் அனுமதிப்பதில்லை? (ஊட்டி)

2002-இல் பிரேசில் கேப்டன் எமர்சன், முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சியில் விளையாட்டாகக் கோல்கீப்பராக நின்றார். ஒரு ஷாட்டுக்குப் பாய்ந்தார், தோள்பட்டை இறங்கிவிட்டது. ரிக்கார்டினோவை அவசரமாக அழைத்தார்கள். கேப்டன் பட்டை கஃபூ கைக்குப் போனது. நான்கு வாரம் கழித்து யோகோஹாமாவில் மேடைமேல் ஏறிக் கோப்பையைத் தூக்கியவர் கஃபூ.