காலையில் சத்தியம், சாயங்காலம் குவார்ட்டர்: குடி பற்றிய கேள்வி பதில்

ராணிப்பேட்டையிலிருந்து: தோல் ஷாப்புல வேலைண்ணா, சனிக்கிழமை கூலி. காலையில புள்ள தலையில அடிச்சி சத்தியம் பண்றேன். சாயங்காலம் கால் தானா கடைக்குப் போவுது. எனக்கு மன உறுதியே இல்லையா?

பதில்: இருக்கிறது, அதைத் தப்பான நேரத்தில் சோதிக்கிறீர்கள். கூலிக் காசு, பழகிய திருப்பம், கூட்டாளியின் வண்டிச் சத்தம் என எது கண்ணிலோ காதிலோ பட்டாலும் 'வேணும்' என்ற உந்தல் நொடியில் கிளம்பிவிடும். அதைத் தடுக்கிற முன்மூளை மெதுவாகத்தான் வேலை செய்யும். பசி, களைப்பு, தூக்கக் குறைவு சேர்ந்தால் இன்னும் தளரும். எனவே சண்டையைக் கடை வாசலில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

டாஸ்மாக் இரவு 10 வரை. உங்கள் வேலை 6 மணிக்கு முடிந்தால் அந்த 4 மணி நேரத்துக்குத்தான் திட்டம் வேண்டும். பஸ் காசு போக மீதிக் கூலியை வீட்டுக்காரம்மா கணக்குக்கு அப்போதே அனுப்புங்கள். அன்றைக்குப் போனில் ஜிபே வேண்டாம். கிளம்புமுன் நாலு இட்லியாவது சாப்பிடுங்கள். கூட்டாளி கூப்பிட்டால் சொல்ல ஒரே வாக்கியம் தயாராக இருக்கட்டும்: "பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா." சொன்னதும் நடையைக் கட்டுங்கள், நின்று விளக்கம் கொடுத்தால் தோற்பீர்கள். ஆசை பெரும்பாலும் அரைமணிக்குள் ஏறி இறங்கிவிடும்.

காட்பாடியிலிருந்து: ஒரு கட்டிங்தான்னு உக்காருவேன், ரெண்டு குவார்ட்டர்ல முடியுது.

பதில்: சரக்கு முதலில் நனைப்பதே பிரேக்கைத்தான். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம், அதாவது சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். அதில் பாதியான கட்டிங்கிலேயே 30 கிராம் உள்ளே போய்விடுகிறது. 'போதும்' என்று சொல்ல வேண்டிய மூளை அப்போதே அரைத் தூக்கத்தில். உங்களைப் போன்றவர்களுக்கு 'கொஞ்சம்' என்பதைவிட 'இல்லை' என்பது சுலபம். முதல் கட்டிங்குக்கு முன்னால் ஒரு முடிவு போதும், அதற்குப் பின்னால் பத்து முடிவு எடுக்க வேண்டியிருக்கும்.

வாலாஜாவிலிருந்து: மோர், எலுமிச்சை குடிச்சா போதை இறங்குமா?

பதில்: இறங்காது. ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ஒரு குவார்ட்டருக்கு 6 மணி நேரத்துக்கும் மேல்.

குடியாத்தத்திலிருந்து: அவருக்குத் தெரியாம கொழம்புல கலக்கிற மாத்திரை எது நல்லது?

பதில்: எதுவும் கலக்காதீர்கள் அம்மா. அப்படிக் கலப்பது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோய் இருந்தால் உயிரே போகலாம். அவர் சம்மதித்து, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகு, மருத்துவர் சொல்லித்தான் அது தொடங்க வேண்டும். ஆசையையே குறைக்கிற நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரையும் உண்டு. வழக்கமாகத் தினம் 50 மில்லிகிராம், ஈரல் பரிசோதனைக்குப் பிறகு. அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆற்காட்டிலிருந்து: ஐயப்பனுக்கு மாலை போட்டா 48 நாள் தொடறதில்ல. கழட்டின அன்னிக்கே ஆரம்பிச்சுடுது. ஏன்ணா?

பதில்: கட்டுப்பாடு உங்களிடம் இருக்கிறது என்பதற்கு அந்த 48 நாளே சாட்சி. ஆனால் கறுப்பு வேட்டி, 'சாமி' என்று கூப்பிடும் ஊர், விடியற்காலைக் குளியல் எல்லாம் சேர்ந்துதான் உங்களைப் பிடித்து வைத்திருந்தன. மாலையோடு அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. கழற்றும் நாளுக்கான ஏற்பாட்டை 40-வது நாளிலேயே செய்யுங்கள்: அன்று சாயங்காலம் யாரோடு, எங்கே, என்ன சாப்பாடு. குளியலையும் கோயிலையும் அடுத்த மாதமும் விடாதீர்கள்.

இன்னொன்று. காலையில் கை நடுங்கி, ஒரு மடக்கு குடித்தால்தான் நிற்கிறது என்றால் மாலை போடும் நாளில் திடீரென நிறுத்தக் கூடாது. நடுக்கம் முதல் நாளே வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் ஆள் தெரியாத பிதற்றல் வரலாம், அது உயிருக்கே ஆபத்து. பத்து நாள் முன்னதாகவே வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ பாகாயம் சி.எம்.சி. மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். பி1 வைட்டமினும் நடுக்கத்துக்கான மருந்தும் தருவார்கள். போக வெட்கமாக இருந்தால் முதலில் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம்.